சேற்று நிலம் தந்த சொல்

ஆங்கிலச் செய்தித்தாள் படிக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டென்றால், ‘பாக்ட் டவுன்’ என்னும் தொடரைப் பார்த்திருப்பீர்கள். இரு நாடுகளின் பேச்சுவார்த்தை முன்னேறாமல் நின்றுவிட்டால் அப்படி எழுதுவார்கள். ஒரு திட்டம் படிவங்களுக்கும் கூட்டங்களுக்கும் நடுவே முடங்கிப்போனாலும் அப்படித்தான் எழுதுவார்கள். காலை முன்னால் எடுத்து வைக்கவும் முடியவில்லை, பின்னால் இழுக்கவும் முடியவில்லை என்னும் நிலையை அத்தொடர் சொல்கிறது. அதன் வேர் ‘பாக்’ என்னும் சிறிய சொல். பி, ஓ, ஜி என மூன்றே எழுத்துகள். காலை வைத்தால் அமிழும் ஒருவகை ஈர நிலத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர்.

(பிரிட்டனில் சிலர் பேச்சுவழக்கில் கழிவறையையும் இச்சொல்லால் குறிப்பதுண்டு. அது கொச்சை. நமக்கு இங்கே வேண்டியது நிலம்தான்.)

ஈர நிலத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ‘மார்ஷ்’, ‘ஃபென்’, ‘ஸ்லவ்’ ஆகியவை ஆங்கிலம் தோன்றிய காலத்திலிருந்தே அம்மொழியில் இருப்பவை. ‘மையர்’ என்பது கடல் தாண்டி வந்த வடநாட்டு வைக்கிங் மக்களின் மொழியிலிருந்து வந்தது. ‘மொராஸ்’ டச்சு மொழியின் கொடை. கனடாவின் வடபகுதியில் உள்ள ஈர நிலத்தை ‘மஸ்கெக்’ என்பார்கள். அது அங்கு வாழும் கிரீ என்னும் பழங்குடி மக்களின் சொல். ‘ஸ்வாம்ப்’ என்பது 1624இல், அமெரிக்காவின் வெர்ஜீனியாவைப் பற்றி ஜான் ஸ்மித் எழுதிய நூலில் இடம்பெற்றிருக்கிறது. இப்படி ஆங்கிலேயர்கள் போன இடமெல்லாம் அவர்களின் காலணியில் சேறு ஒட்டியது போலவே, அவர்களின் மொழியில் சேற்றைப் பற்றிய சொற்களும் ஒட்டிக்கொண்டன.

தமிழில் இவை அனைத்தையும் பெரும்பாலும் ‘சதுப்பு நிலம்’ என்றே எழுதிவிடுகிறோம். சிங்கப்பூரின் சுங்கை பூலோவும் சதுப்பு நிலம்தான். அயர்லாந்தின் ‘பாக்’ நிலமும் சதுப்பு நிலம்தான். ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. சுங்கை பூலோவில் கடல் ஏறி இறங்குகிறது. அலையாத்தி மரங்கள் உப்பு நீரில் நிற்கின்றன. அயர்லாந்தின் ‘பாக்’ நிலத்திலோ கடல் நீரும் இல்லை, ஆற்று நீரும் இல்லை. அங்கிருப்பது முழுக்க முழுக்க மழை நீர். அறிவியலாளர்கள் இன்று இச்சொற்களைக் கவனமாகப் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள். நிலத்தடி நீர் ஊறி நிற்பது ‘ஃபென்’. நாணலும் கோரையும் வளர்வது ‘மார்ஷ்’. மரங்கள் அடர்ந்தது ‘ஸ்வாம்ப்’. மழையை மட்டுமே நம்பிப் பாசி படர்ந்து வளர்வது ‘பாக்’. அகராதியில் இவை அருகருகே ஒரே பொருளில் இருப்பதைப் பார்த்து, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

இந்தக் கட்டுரையில் ‘பாக்’ என்னும் சொல்லையே பின்தொடர்வோம். அது பிறந்த இடம் அயர்லாந்து.

ஐரிஷ் மொழியில் இதே மூன்று எழுத்துகளால் எழுதப்படும் சொல் ஒன்று உண்டு. ஆனால் அது நிலத்தின் பெயரன்று. ‘மென்மையான’ என்று பொருள் தரும் பெயரடை. அதிலிருந்து ‘பொகாக்’ என்னும் சொல் பிறந்தது. மென்மையான இடம், காலுக்கு அடியில் இளகிக் கொடுக்கும் தரை என்பது அதன் பொருள். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழி ஐரிஷ் மொழியின் உடன்பிறப்பு. அங்கும் இவ்விரு சொற்களும் இருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலம் இதைக் கடன் வாங்கிவிட்டது. வாங்கும்போது பின்னொட்டை உதிர்த்துவிட்டது. மென்மை என்னும் பொருளையும் உதிர்த்துவிட்டது. அயர்லாந்துக்காரர்கள் காலால் தொட்டுப் பார்த்து வைத்த பெயர், ஆங்கிலத்துக்கு வந்ததும் வெறும் இடத்தின் பெயராகிவிட்டது.

ஐரிஷ் மொழியில் அந்த மென்மை இன்றும் உயிரோடிருக்கிறது. ‘பொகான்’ என்று ஒரு சொல். அதற்கு மென்மையான தரை என்றும் பொருள். ஓடு கெட்டிப்படாத தோல்முட்டை என்றும் பொருள். முதுகெலும்பில்லாத ஆள் என்றும் பொருள்! யாராவது பதற்றப்பட்டால், அவரிடம் “மென்மையாக எடுத்துக்கொள்” என்பார்கள். அதிலும் இதே சொல்தான் வரும். கணினி வந்தபோது மென்பொருளுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. நாம் ‘மென்’ என்பதோடு ‘பொருள்’ என்பதைச் சேர்த்தது போல, அவர்கள் இந்தப் பழைய சொல்லோடு ‘சரக்குகள்’ என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்து ‘பொகாரி’ என்று வைத்தார்கள். ஆகவே ஐரிஷ் மொழி படிக்கும் ஒரு மாணவருக்குச் சேற்று நிலமும் மென்பொருளும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு இந்த உறவு கண்ணில் படாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எரிபொருளுக்காக வெட்டப்படும் ஆழமான சேற்று நிலத்தை ஐரிஷ் மொழியில் ‘பொகாக்’ என்று சொல்வதைவிட ‘பொர்த்தாக்’ என்று சொல்வதே வழக்கம். அங்கிருந்து வெட்டி எடுக்கும் மண்ணுக்கு ‘மோன்’ என்று தனிப்பெயர் உண்டு. அதாவது, அந்நிலத்தோடு வாழ்ந்தவர்களிடம் பல சொற்கள் இருந்தன. வெளியிலிருந்து வந்தவர்கள் அவற்றுள் பொதுவான ஒன்றை எடுத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்தினார்கள்.

ஏற்கெனவே இத்தனை சொற்கள் இருந்தும் ஆங்கிலத்துக்கு இன்னொன்று எதற்கு? அயர்லாந்தில் இந்த நிலம் இருந்த அளவுதான் காரணம் என்று தோன்றுகிறது. அத்தீவின் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இத்தகைய நிலமாக இருந்தது. நடுப்பகுதியில் ஆலன் பெருஞ்சேற்று நிலம் பல மாவட்டங்களில் பரந்து கிடந்தது. மேற்குக் கடற்கரையில் மலைச்சரிவுகளையே போர்வை போல மூடிக் கிடந்தது. இங்கிலாந்திலிருந்து போன படைவீரரோ நில அளவையாளரோ இதைத் தவிர்த்துவிட்டு எங்கும் போக முடியாது.

இந்நிலம் உருவான கதை பனியுகத்தின் முடிவில், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது அயர்லாந்தின் நடுப்பகுதியில் ஆழமில்லாத ஏரிகள் தங்கிவிட்டன. அவற்றில் நாணல் வளர்ந்தது, மடிந்தது, அடியில் படிந்தது. நீரில் மூழ்கிய செடிகளுக்குக் காற்று கிடைப்பதில்லை. காற்று இல்லாத இடத்தில் மக்கச் செய்யும் நுண்ணுயிரிகள் நன்றாக வேலை செய்வதில்லை. அதனால் செடிகள் பாதி மக்கியும் பாதி மக்காமலும் பழுப்பு நிற மண்ணாகக் குவிந்தன. அந்த மண்ணைத்தான் ‘பீட்’ என்கிறோம். ஏரி நிரம்பியதும் ஸ்ஃபாக்னம் என்னும் பாசி வந்து குடியேறியது.

இந்தப் பாசியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். இதற்கு வேரே கிடையாது. உலர்ந்த நிலையில் தன் எடை எவ்வளவோ, அதைப்போல் 20 மடங்கு நீரைக்கூட இதனால் உறிஞ்சி வைத்துக்கொள்ள முடியும். முதலாம் உலகப்போரின்போது பஞ்சு போதாமல் போனதால், இந்தப் பாசியை உலர்த்தி வீரர்களின் காயங்களுக்குக் கட்டுப்போட்டார்கள். மழை நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு இது மேல்நோக்கி வளர்கிறது. கீழ்ப்பகுதி மடிந்து ‘பீட்’ ஆகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்னும் வேகத்தில் நிலம் உயர்கிறது. உங்கள் அளவுகோலில் மிகச் சிறிய கோட்டைப் பாருங்கள்; ஓர் ஆண்டு முழுவதும் பெய்த மழையும் வளர்ந்த பாசியும் சேர்ந்து எழுப்பியது அவ்வளவுதான். ஆனால் ஆயிரம் ஆண்டுகளில் அது 1 மீட்டர். சில இடங்களில் 10 மீட்டர் ஆழம் வரை இந்த மண் குவிந்திருக்கிறது. பாசி தன்னைச் சுற்றியுள்ள நீரைப் புளிப்பாக்கிவிடுவதால், மற்றச் செடிகள் அங்கே எளிதில் வளர்வதில்லை. ஊட்டச்சத்து கிடைக்காமல் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் செடிகள்கூட அங்கே உண்டு. அவற்றின் இலைகளில் பனித்துளி போலப் பளபளப்பது நீரன்று, பசை.

வெட்டப்படாத ஒரு ‘பாக்’ நிலத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நீர்தான். பசும்பாலில்கூட நீரின் அளவு ஏறத்தாழ 87 விழுக்காடுதான். பாலைவிட நீர்த்த ஒன்றின் மேல் மனிதர் நடக்கிறார் என்றால் அது எப்படியிருக்கும்! ஓரிடத்தில் நின்று குதித்தால், சற்றுத் தொலைவில் இருக்கும் புல்லும் சேர்ந்து ஆடும். மென்மை என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த மென்மை படையெடுத்து வந்தவர்களுக்குப் பகையானது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்து முழுவதையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவர இங்கிலாந்து முயன்றது. வடக்கே ஹியூ ஓ’நீல் என்னும் தலைவர் எதிர்த்து நின்றார். 1598 ஆகஸ்ட் 14ஆம் நாள், முற்றுகையில் இருந்த ஒரு கோட்டைக்கு உதவ, ஹென்றி பேக்னல் தலைமையில் ஏறத்தாழ 4,000 வீரர்கள் அர்மா நகரிலிருந்து புறப்பட்டார்கள். வழி நெடுகச் சேறும் புதருமாக இருந்தது. படையோடு இழுத்துச் சென்ற பீரங்கி ஒன்று சேறான ஓடையில் சிக்கிக்கொண்டது. அதை மீட்கச் சிலர் நின்றார்கள். மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். படை துண்டு துண்டாகப் பிரிந்தது. அந்த நிலத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அறிந்த ஓ’நீலின் ஆட்கள் இருபுறமும் தாக்கினார்கள். பேக்னல் சுடப்பட்டு இறந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். ‘மஞ்சள் துறைப் போர்’ என்று வரலாற்று நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன.

இன்று செய்தித்தாளில் ஒரு பேச்சுவார்த்தை ‘பாக்ட் டவுன்’ ஆகிவிட்டது என்று எழுதுபவர் இந்தப் பீரங்கியை நினைத்து எழுதுவதில்லை. அத்தொடர் பரவலானதும் இருபதாம் நூற்றாண்டில்தான். ஆனால் அது சொல்வது இத்தகைய அனுபவத்தைத்தான். அதுவும் இழுத்துப் போகப் பாரமான ஒன்றை வைத்திருந்தவர்களின் அனுபவம். கையில் ஈட்டியோடு ஒரு புல்மேட்டிலிருந்து அடுத்த புல்மேட்டுக்குத் தாவிப் போனவர்கள் சிக்கிக்கொள்ளவில்லை.

தாவிப் போனவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் கிடைத்தது. ‘பாக்ட்ராட்டர்’, அதாவது சேற்றில் ஓடுகிறவன். பதினேழாம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த இச்சொல், அயர்லாந்துக்காரர்களை நாகரிகமற்றவர்கள் என்று இகழ்வதற்குப் பயன்பட்டது. ஒருவருடைய மொழியிலிருந்தே ஒரு சொல்லை எடுத்து, அதைக் கொண்டே அவரை இகழ்வது என்பது வேடிக்கையான கடன்தான். அதே நூற்றாண்டில், நிலத்தைப் பறிகொடுத்துச் சேற்று நிலங்களிலும் குன்றுகளிலும் பதுங்கி வாழ்ந்தவர்களை ‘டோரி’ என்று அழைத்தார்கள். அதுவும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்ததே. பின்னர் அது பிரிட்டனின் ஓர் அரசியல் தரப்பினரைக் கேலி செய்யும் பெயராகி, காலப்போக்கில் கேலி தேய்ந்து, இன்று பழமைவாதக் கட்சியினரின் பெயராகவே நிலைத்துவிட்டது. சொற்கள் எங்கே தொடங்கி எங்கே போய் நிற்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

1685இல் வில்லியம் கிங் என்பவர் அயர்லாந்தின் சேற்று நிலங்களையும் ஏரிகளையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது லண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. பின்னாளில் டப்ளின் நகரின் பேராயரான அவர், சேற்று நிலம் பெருகியதற்கு மக்களின் உழைப்பின்மையைக் காரணமாகக் காட்டினார். நிலம் சேறாக இருந்தால் அங்கு வாழ்பவர் சோம்பேறி என்னும் எண்ணம் அக்காலத்தில் பலருக்கும் இருந்தது. அதே கட்டுரையில், இந்தச் சேறும் காடும்தான் அயர்லாந்துக்காரர்களை ஆங்கிலேயரின் வெற்றியிலிருந்து நெடுங்காலம் காத்தன என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார். பயனற்ற நிலம் என்று சொன்னவரே, அது யாருக்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

உண்மையில் அந்நிலம் அங்குள்ள மக்களின் அடுப்பை எரித்தது. காடுகள் அழிந்துவிட்ட நாட்டில் விறகு அரிது. எனவே ‘பீட்’ மண்ணை வெட்டி எடுத்து, காயவைத்து, எரித்தார்கள். வெட்டிய மண்கட்டிக்கு அயர்லாந்து ஆங்கிலத்தில் ‘டர்ஃப்’ என்று பெயர். வசந்தத்தின் இறுதியில் ‘ஷ்லான்’ என்னும் மண்வெட்டியால் வெட்டுவார்கள். அதன் இலைப்பகுதியில் பக்கவாட்டில் ஒரு சிறகு உண்டு. ஒரே குத்தில் செங்கல் வடிவில் கட்டி வந்துவிடும். ஈரக் கட்டிகளைத் தரையில் பரப்பிச் சற்றுக் காய்ந்ததும், சில கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துக் காற்றுப் புகுமாறு நிறுத்துவார்கள். இதற்குக் குனிந்து குனிந்து முதுகு ஒடியும். பெரும்பாலும் இது பிள்ளைகளின் வேலை. கோடை முடிவதற்குள் எல்லாம் வீடு வந்து சேர வேண்டும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, கிராமப் பள்ளிகளுக்குப் போகும் பிள்ளைகள் வகுப்பறைக் கணப்புக்காக ஆளுக்கு ஒரு மண்கட்டியைப் புத்தகங்களோடு தூக்கிச் செல்வதும் வழக்கமாக இருந்தது.

மண்ணை வெட்டும்போது வேறு பொருள்களும் கிடைத்தன. குளிர்ச்சி, புளிப்பு, காற்றின்மை ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் எதுவும் எளிதில் அழுகுவதில்லை. 2016இல் மீத் மாவட்டத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 10 கிலோகிராம் எடையுள்ள வெண்ணெய் உருண்டை கிடைத்தது. அதன் வயது ஏறத்தாழ 2,000 ஆண்டுகள். இத்தகைய வெண்ணெய் பல இடங்களில் கிடைத்திருக்கிறது. கெடாமல் இருக்கவே புதைத்தார்கள் என்பவர்களும் உண்டு. தெய்வத்துக்குக் காணிக்கையாகப் புதைத்தார்கள் என்பவர்களும் உண்டு.

2003இல் இரண்டு ஆண்களின் உடல்கள் வெவ்வேறு இடங்களில் கிடைத்தன. இருவரும் 2,000 ஆண்டுகளுக்கு முன் கொல்லப்பட்டவர்கள். ஒருவரின் விரல்களும் நகங்களும் உழைப்பின் தடமே இல்லாமல் சீராக இருந்தன. மற்றவரின் தலைமுடி, மரப்பிசின் கலந்த பூச்சால் உயர்த்தி வாரப்பட்டிருந்தது. அந்தப் பிசின் பிரான்சின் தென்மேற்கிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ வந்திருக்க வேண்டும் என்று கண்டறிந்தார்கள். டப்ளினில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் அவர்களை இன்றும் காணலாம்.

2006இல் டிப்பரேரி மாவட்டத்தில் மண் தோண்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரின் கண்ணில் ஒரு பழைய ஏடு பட்டது. அதை யாரும் கழுவவோ துடைக்கவோ இல்லை. அதே ஈர மண்ணால் மீண்டும் மூடி வைத்தார்கள். அந்த ஒரு செயல்தான் ஏட்டைக் காப்பாற்றியது. அது ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் தோலில் எழுதப்பட்ட சங்கீதப் புத்தகம். அதன் தோலுறையின் உட்புறத்தில் எகிப்தில் விளையும் பாப்பிரஸ் தாள் ஒட்டப்பட்டிருந்தது. அயர்லாந்தின் நட்டநடுச் சேற்றில் எகிப்தின் தாள்! அது எந்த வழியாக வந்தது என்பதை ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆயினும் அரசாங்கத்தின் கண்ணில் இந்நிலம் நெடுங்காலம் ‘வீண் நிலம்’ ஆகவே இருந்தது. 1809 முதல் 1814 வரை ஓர் ஆணையம் அயர்லாந்தின் சேற்று நிலங்களை அளந்து, எப்படி நீரை வடித்து விளைநிலமாக்கலாம் என்று அறிக்கைகள் எழுதியது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அந்த எண்ணம் மாறவில்லை, நோக்கம்தான் மாறியது. 1946இல் ‘போர்ட் நா மோனா’ என்னும் அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. ‘மண் எரிபொருள் வாரியம்’ என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். நிலக்கரி குறைந்த நாட்டில் மின்சாரம் எடுக்க அது இயந்திரங்களால் மண்ணை வெட்டிக் குவித்தது. வேலை இல்லாத ஊர்களுக்கு வேலை வந்தது. 10 மீட்டர் ஆழம் சேர 10,000 ஆண்டுகள் எடுத்த மண், ஒரே தலைமுறையில் கரையத் தொடங்கியது.

‘பீட்’ மண் எரிந்தால் அதிலுள்ள கரி காற்றில் கலக்கிறது. எரிக்காவிட்டாலும், நீரை வடித்துவிட்டால் போதும்; காற்றுப் பட்டு மக்கத் தொடங்கிக் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. உலகின் நிலப்பரப்பில் இத்தகைய மண் உள்ள இடங்கள் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். ஆனால் உலகின் எல்லாக் காடுகளும் மரங்களில் சேர்த்து வைத்திருக்கும் கரியைவிட அதிகமான கரி இம்மண்ணுக்குள் இருக்கிறது. நம் வட்டாரத்துக்கு இது புதிய செய்தியன்று. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் இருப்பவை மரங்கள் அடர்ந்த நிலங்கள். ஆகவே அவற்றை ‘பாக்’ என்று சொல்வதில்லை. ஆனால் அவற்றின் அடியில் இருப்பதும் ‘பீட்’ மண்தான். நீர் வடிக்கப்பட்டுக் காய்ந்த அந்த மண் தீப்பற்றியதால்தான் 2015இல் புகைமூட்டம் நம்மைச் சூழ்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 25ஆம் நாள் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டன.

அயர்லாந்து அரசு 53 சேற்று நிலங்களைப் பாதுகாப்புக்காகத் தேர்ந்தெடுத்து, அங்கு மண் வெட்டுவதைத் தடை செய்தது. வெட்டும் உரிமையை இழந்தவர்களுக்கு ஆண்டுதோறும் பணமோ வேறோர் இடத்தில் வெட்டும் உரிமையோ தருவதாகச் சொன்னது. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. “எங்கள் பாட்டனாரும் வெட்டினார், தந்தையும் வெட்டினார், குளிர்காலத்தில் எங்கள் வீட்டைச் சூடாக்குவது இதுதான்” என்பது ஒரு தரப்பின் வாதம். பெரிய இயந்திரங்கள் பல்லாண்டுகள் வெட்டிக் குவித்தபோது யாரும் கேட்கவில்லை, மண்வெட்டி வைத்திருப்பவரை மட்டும் கேட்கிறார்கள் என்னும் மனக்குறையும் அதில் இருந்தது. அக்குறையில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எஞ்சியிருப்பது மிகச் சிறிய பங்கு என்பதும், அதை வெட்டி முடித்தால் திரும்ப உருவாக்க மனித ஆயுள் போதாது என்பதும் அதே அளவு உண்மை.

2021 ஜனவரியில் போர்ட் நா மோனா நிறுவனம் மண் வெட்டுவதை முற்றிலும் நிறுத்திவிட்டதாக அறிவித்தது. முன்பு அதன் தொழிலாளர்கள் நீரை வடிக்க வாய்க்கால் வெட்டினார்கள். இப்போது அதே நிலங்களில் அந்த வாய்க்கால்களை மண்ணால் அடைக்கிறார்கள். நீர் தேங்கினால் பாசி மெல்லத் திரும்பி வரும்.

லாங்ஃபர்ட் மாவட்டத்தில் உள்ள கோர்லியா என்னும் இடத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே 1980களில் மண் வெட்டும்போது ஒரு பழைய சாலை வெளிப்பட்டது. தடித்த ஓக் மரப்பலகைகளை வரிசையாக அடுக்கிச் சேற்றின் குறுக்கே ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட சாலை. மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில், அம்மரங்கள் கி.மு. 148ஆம் ஆண்டில் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. அவ்வளவு உழைப்பில் போடப்பட்ட அந்தச் சாலை நெடுநாள் பயன்படவில்லை. தன் பாரத்தாலேயே சில ஆண்டுகளில் சேற்றுக்குள் அமிழ்ந்துவிட்டது. அமிழ்ந்ததனால்தான் அழியாமல் நம் காலம் வரை வந்தது. அதில் 18 மீட்டர் நீளப் பகுதியை, ஈரப்பதம் குறையாதபடி அமைத்த ஒரு கூடத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சாலையின் எஞ்சிய பகுதி வெளியே மண்ணுக்கடியில் கிடக்கிறது. அது உலர்ந்துவிடாமல் இருக்க, சுற்றியுள்ள நிலத்தை நனைந்தபடியே வைத்திருக்கிறார்கள்.